ஷன் சேர் குடித்த இரண்டு கோப்பை

எங்கள் கரையில் மூன்று வகை உயிர்கள் கேட்பாரில்லாமல் திரியும். ஒன்று கழுதை. மற்றது காகம். மூன்றாவது, பிள்ளைகளைக் கண்டால் ஸ்பெல்லிங் கேட்கிற மனிதர். கழுதை வேலியைத் தின்னும். காகம் கருவாட்டைத் தின்னும். இவர் பிள்ளையின் உயிரைத் தின்பார்.

இவரை நீங்கள் காணாமல் இருந்திருக்க வழியில்லை. கல்யாண வீட்டில் சஹன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிக் குந்தியிருக்கிறீர்கள், பிஸ்மி சொல்லியாயிற்று, பக்கத்திலிருக்கும் சின்னப்பிள்ளை பொரித்த கோழிக்குக் கையை நீட்டுகிறது. அந்த மணிக்கட்டைப் பிடித்து, "எங்க, இன்விடேஷன் ஸ்பெல்லிங் சொல்லு பாப்பம்" என்பாரே, அவர்தான். கிளினிக் வரிசையில் காய்ச்சலோடு தாயின் தோளில் கிடக்கிற பிள்ளையிடம் குனிந்து "இன்ஜெக்ஷன்" கேட்பவரும் அவர்தான். மையித்து வீட்டிலாவது சும்மா இருப்பாரா? இருப்பார், தொழுகை முடியும் வரை. பிறகு, தகப்பனைக் குழிக்குள் வைத்துவிட்டு வருகிற பிள்ளையின் தலையைத் தடவி, "மனுசன்ட வாழ்க்கை டெஸ்டினேஷன்தான் மகன்" என்று ஆரம்பிப்பார். பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். அழுகையை விட்டுவிட்டு ஓடும்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் பெயரையாவது அவர் கேட்டிருப்பாரா? கேட்கமாட்டார். சொந்தப் பெயருக்கு எந்தப் பிள்ளையும் ஸ்பெல்லிங் பிழை விடாதே.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் மூன்று பேனை இருக்கும்: நீலம், கறுப்பு, சிவப்பு. அதில் சிவப்பு மட்டும்தான் எழுதும். கழுத்தில் டை இருக்கும், காலில் குளியலறைச் செருப்பு இருக்கும். "ஸ்பெல்லிங் இல்லாத இங்கிலிஷ் உப்புப் போடாத கருவாடு, மூணாம் நாள் புழுப் பிடிக்கும்" என்பது அவர் வாயில் எந்நேரமும் கிடக்கிற வசனம். அவர் இங்கிலிஷ் பேசுவாரா என்று கேட்கிறீர்களா? என்ன கேள்வி இது? மீன் பிடிக்கிறவனெல்லாம் நீந்திக் காட்டவா வேண்டும்?

கண்டக்குழியில் எங்களுக்கு வாய்த்தவர் ஜௌபர் சேர். டோஹாவில் ஒன்பது வருஷம் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினார். ஒட்டிய லேபலையெல்லாம் ஒரு சிவப்பு மட்டைக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு வந்து இறங்கினார். மற்றவர்கள் கம்பளியும் டிவியும் கொண்டுவந்தார்கள். இவர் கொப்பி கொண்டுவந்தார். மாமனாரின் கருவாட்டுக் கொட்டில் சும்மா கிடந்தது. அதைக் கூட்டி, பெருக்கி, "இன்டர்நேஷனல் எக்ஸலன்ட் இங்கிலிஷ் அகடமி" என்று போர்ட் போட்டார். போர்டுக்கு அடியில் இன்னும் மழைநாளில் சீலாக் கருவாடு மணக்கும். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. இங்கிலிஷ் என்றால் இப்படித்தான் மணக்கும் போல என்று இருந்துவிட்டார்கள்.

சேருடைய கண்டுபிடிப்பு என்னவென்றால், இங்கிலிஷில் பெரிய பெரிய சொல்லெல்லாம் ஒரே வாலோடுதான் வருகிறதாம். எஜுகேஷன், ஸ்டேஷன், நேஷன், வெகேஷன், எல்லாம் கடைசியில் ஷன். "தலை வேற வேற. வால் ஒண்டு. வாலப் பிடிச்சா மீன் ஓடுமா?" என்று முதல் நாள் கூட்டத்தில் கேட்டார். வாலைப் பிடித்தால் எந்த மீனும் வழுக்கி ஓடும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அத்தனை பேரும் கடல்காரர். ஆனால் சேர் டை கட்டியிருந்தார். யார் வாய் திறப்பார்?

அன்று தொடங்கியது. பின்னேரம் மூன்று மணியானால் கொட்டிலுக்குள்ளிருந்து "டீ, ஐ, ஓ, என், ஷன்! டீ, ஐ, ஓ, என், ஷன்!" என்று ஒரு இரைச்சல். காலையில் குர்ஆன் ஓதும் பள்ளியில் முன்னும் பின்னும் ஆடிப் பழகிய உடம்புகள் அல்லவா, இங்கேயும் அதே ஆட்டம். வேலிக்கு வெளியே ஒரு பெட்டைக் கழுதை நிற்கும். அதுவும் தலையை ஆட்டும். அகடமியில் கட்டணமில்லாமல் படித்த ஒரே ஜீவன் அதுதான்.

ஒருநாள் அஸ்மி எழும்பிக் கேட்டான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற ஹாஜியாருடைய பேரன், கேட்கிற துணிச்சல் அவனுக்குத்தான் உண்டு.

"சேர், நேஷன் எண்டா என்ன?"

"என், ஏ, டீ, ஐ, ஓ, என்."

"அது ஸ்பெல்லிங் சேர். அது என்ன சாமான்?"

"சாமானெல்லாம் ஏ லெவல்ல வரும். நீ இப்ப ஆறாம் ஆண்டு. இரி."

அவன் இருந்தான். கருத்து என்பது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குரிய கெட்ட பழக்கம் என்று அன்றோடு எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள்.

சிவப்புக் கொப்பியில் முந்நூறு ஷன் இருந்தது. முந்நூறையும் ஒரு பிள்ளை படிப்பதா? சேர் அவ்வளவு கொடுமைக்காரர் இல்லை. ஆளுக்கு ஒரு சொல் என்று பிரித்துக் கொடுத்தார். அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். "கரைவலை இழுக்கிறம். ஒருத்தன் கயித்தில ஒரு இடத்தத்தானே பிடிக்கிறான்? முழுக் கயித்தையும் ஒருத்தனா பிடிக்கிறான்? எல்லாரும் சேந்து இழுத்தா வலை கரைக்கு வரும்." தகப்பன்மார் தலையாட்டினார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது சேர் தங்கள் பாஷையில் பேசுகிறாரே என்ற சந்தோஷம் அவர்களுக்கு.

ஆக, வருஷம் முழுக்க ஒரு பிள்ளைக்கு ஒரு சொல். பிள்ளைகளின் பெயரே மாறிவிட்டது. வெகேஷன் சப்னா. ஸ்டேஷன் இனாஸ். கடைக்குச் சீனி வாங்கப் போனால் முதலாளி, "ஆரு, லோஷன் மகனா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

சொல் ஆளுக்கொன்று என்றால், எந்தச் சொல் யாருக்கு? அங்கேதான் கதை இருக்கிறது. குடும்பத்தின் நீளத்தைப் பார்த்துச் சொல்லின் நீளத்தை வெட்டினார் சேர். ஹாஜியார் பேரனுக்கு "எக்ஸாமினேஷன்". போட் இரண்டு வைத்திருப்பவன் பிள்ளைக்கு "ஒப்பரேஷன்". போட் ஒன்றென்றால் "வெகேஷன்". ஐஸ் உடைக்கிறவன் மகனான அக்மலுக்கு "எக்ஷன்".

அக்மலின் தாய் நஃபீஸா விடுவாளா? கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

"சேர், அஸ்மிக்கு இவ்வளவு நீளம். என்ட மகனுக்கு இத்தினூண்டு. ஏன், நாங்க ஊருக்கு வெளியில உள்ள ஆக்களா?"

"இல்ல ராத்தா, அவன்ட வாய்க்கு அது காணும்."

"அவன்ட வாயா? அஸ்மிட வாய விட ரெண்டு மடங்கு சேர். வேணுமெண்டா அடிமட்டத்தால அளந்து பாருங்க."

மறுநாள் சேர் வீட்டு அடுப்பில் நண்டு வெந்தது. அடுத்த நாள் அக்மலுக்கு "அப்ளிகேஷன்" கிடைத்தது. நண்டு எங்கேயிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. இஸ்ஸதீனின் மகள் பஹ்மிதா, பதினொரு வயது. இஸ்ஸதீன் அடுத்தவன் போட்டில் கடலுக்குப் போகிறவன். மனைவி கமறியா, கண்டக்குழிக் கரையில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டித் தண்ணீரில் ஓடுகிறார்களே, அங்கேயுள்ள லொட்ஜில் படுக்கைச் சீலை கழுவுகிறவள். இந்தக் குடும்பத்துக்கு என்ன நீளத்தில் சொல் வெட்டுவது என்று சேர் யோசித்து யோசித்துப் பார்த்தார். கடைசியில், "சொல் முடிஞ்சி மகள். அடுத்த வருஷம் பாப்பம். இப்போதைக்குப் புள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி ஊத்து" என்றார்.

முந்நூறு சொல். நாற்பத்தேழு பிள்ளைகள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு எங்கேயோ இடிக்கிறது.

பஹ்மிதா தண்ணீர் ஊற்றினாள். ஊற்றி முடிந்ததும் லொட்ஜுக்கு ஓடிவிடுவாள், உம்மாவின் வேலை முடியும் வரை அங்கேதான். காற்று எப்போது எழும்பும், துவாய் எங்கே, தேத்தண்ணி எப்படி வேண்டும், இந்த நாய் கடிக்குமா, எல்லாவற்றையும் வெள்ளைக்காரர் அவளிடம்தான் கேட்பார்கள். அவளும் கையைக் காலை ஆட்டி, இருக்கிற சொல்லை இழுத்துப் போட்டு, ஏதோ ஒரு விதமாகப் பதில் சொல்லிவிடுவாள். அவர்களுக்கும் விளங்கிவிடும். இதை யாரோ சேரிடம் போய்ச் சொன்னார்கள். (நானில்லை.) சேர் உதட்டைப் பிதுக்கினார்.

"அது இங்கிலிஷ் இல்ல. அது வெறும் கதை."

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாஷையில் கதைப்பது வேறு, அந்தப் பாஷை தெரிவது வேறு என்று நம்புகிற கூட்டம் உலகத்தில் வேறெங்கும் உண்டா? சோறு தின்னத் தெரியாது, ஆனால் அரிசிக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் என்றால் அவனைக் கல்யாண வீட்டில் எங்கே இருத்துவது?

இந்த நேரத்தில்தான் கிளைட்டன் வந்து சேருகிறார். லொட்ஜுக்காரர், சிலாபத்துப் பக்கத்து ஆள். வீட்டில் இங்கிலிஷ், வேலையாட்களோடு சிங்களம், எங்களோடு இரண்டையும் போட்டுக் குழைத்துத் தமிழ் என்று ஒன்று. அவருடைய மகளை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் ஒரு வேன் புத்தளம் டவுனுக்குப் போகும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் மீடியம் வகுப்பு உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாக இங்கிலிஷுக்கு டீச்சர் இல்லை. டவுனுக்கு பஸ்ஸில் போவதென்றால் இருட்டோடு புறப்பட்டு இரண்டு பஸ் மாற வேண்டும். யார் பெண்பிள்ளையை அனுப்புவார்கள்? கிளைட்டனின் மகன் கொழும்பில் போர்டிங்குக்குப் போய்விட்டதால் அந்த வேனில் ஒரு ஸீட் காலியாயிற்று. "ஊர்ப் பிள்ளே ஒண்டு வரட்டும், ப்ரின்ஸிபலோட நான் பேசுறது" என்றார். ஒரு ஸீட். ஒரு பிள்ளை. வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் புதிய தவணை தொடங்குகிறது.

இந்தச் செய்தியைக் கேட்ட அன்று பஹ்மிதா பள்ளிக்கூட வெள்ளைக் கவுனைக் கழுவி, நீலம் போட்டு, லொட்ஜ் ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்து, அலுமாரிக் கைப்பிடியில் கொளுவி வைத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. தானாகவே வைத்தாள்.

ஜௌபர் சேர் என்ன செய்தார்? பேனர் அடித்தார். "மாபெரும் ஸ்பெல்லிங் பெருவிழா, பிரதம அதிதி திரு. கிளைட்டன் அவர்கள்." பேனரில் கிளைட்டனின் படம் முத்திரை அளவு. சேருடைய படம் அலுமாரிக் கதவு அளவு. நீளமான சொல்லுக்குத்தான் ஸீட் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். அஸ்மியின் உம்மா பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமை விழா. நான்கு மணிக்கு என்றார்கள், ஐந்தரைக்குத் தொடங்கியது. கிராஅத் ஓதல், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, சேர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுத்து இன்னொருவர் வாசித்த அறிமுகவுரை, எல்லாம் முடிந்து, பிளாஸ்டிக் கதிரைகளில் பாதி ஊர் நித்திரையான பிறகு, நாற்பத்தாறு பிள்ளைகளும் மேடையில் வரிசையாக நின்றார்கள். மைக்குக்கு முன்னால் வந்ததும் சொல்லைக் கத்த வேண்டும். பத்து மாதமாக அதுதான் பயிற்சி. மைக்கைக் கண்டால் வாய் தானாகத் திறக்கும்.

கிளைட்டன் நல்ல மனிதர், முதலாவது பிள்ளையின் தோளில் கையை வைத்துச் சிரித்து, "வட் இஸ் யுவர் நேம், சன்?" என்றார். பெயரைக் கேட்டார் பாவம்.

அஸ்மி கண்ணை மூடினான். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. "ஈ! எக்ஸ்! ஏ! எம்! ஐ! என்! ஏ! டீ! ஐ! ஓ! என்! எக்ஸாமினேஷன்!"

கைதட்டல். ஹாஜியார் எழும்பி நின்று தட்டினார்.

கிளைட்டன் அடுத்த பிள்ளையைக் குனிந்து பார்த்தார். "ஹவ் ஓல்ட் ஆர் யூ?" வயதைக் கேட்கிறார்.

"ஏ! பீ! பீ! எல்! ஐ! ஸீ! ஏ! டீ! ஐ! ஓ! என்! அப்ளிகேஷன்!"

நஃபீஸா பக்கத்திலிருந்தவளின் தொடையில் தட்டினாள். "வாயப் பாத்தீங்களா புள்ளட?"

மூன்றாவது பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். வெகேஷன் கிடைத்தது. பத்தாவது பிள்ளையிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே கிடைத்தது. இருபதாவதில் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். நாற்பத்தாறும் முடிந்தபோது அந்த மனிதர் கடலில் இரண்டு நாள் மிதந்து கரையேறியவர் போல இருந்தார். தண்ணீர் என்று சைகை காட்டினார். பஹ்மிதா க்ளாஸோடு மேடைக்கு ஏறினாள்.

"தேங்க் யூ" என்றார். பிறகு, பயந்துபோய்க் கேட்டார்: "யூ ஓல்ஸோ ஹேவ் எ வேர்ட்?" உனக்கும் ஒரு சொல் இருக்கிறதா என்று.

"நோ சேர்" என்றாள் பஹ்மிதா. "வேர்ட் ஃபினிஷ். மீ ஒன்லி வாட்டர்."

சொல் முடிந்துவிட்டது, என்னிடம் தண்ணீர் மட்டும்தான். மைக் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே கேட்டது. கிளைட்டன் க்ளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார். உன் தகப்பன் யார் என்று கேட்டார். அவள் கையை நீட்டினாள். "மை ஃபாதர் கோ ஸீ. நவ் தேர். ப்ளூ சாரம். ஸ்லீப்பிங்." எல்லாத் தலையும் திரும்பியது. நீலச் சாரத்தில் இஸ்ஸதீன் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. விடிய விடிய வலையில் கிடந்த மனிதன். பிறகு இரண்டு பேரும் காற்றைப் பற்றி, நாயைப் பற்றி, உம்மாவைப் பற்றி ஏதேதோ கதைத்தார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு ஷன்கூட வரவில்லை என்று சேர் பிற்பாடு முறைப்பாடு செய்தார்.

கிளைட்டன் மைக்கைப் பிடித்தார். "இந்த பிள்ளே திங்கக்கிழமே வேன்ல வாறது. ஆறு மணி. சந்தி. ஹரி?" சரிதானே என்று சிங்களத்தில்.

யாரும் கைதட்டவில்லை. அஸ்மியின் உம்மா புதுச் சப்பாத்தைப் பார்த்தாள்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் இந்த வகை மனிதரை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அவர் தோற்கமாட்டார். வீடு தேடி வருவார். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சேர் டை கட்டிக்கொண்டு, சிவப்புக் கொப்பியை அக்குளில் வைத்துக்கொண்டு இஸ்ஸதீன் வீட்டுக்கு வந்தார். பின்னால் பாதி ஊர். நான் அந்தப் பக்கம் சும்மா, ஆட்டைத் தேடி வந்தேன். எனக்கு ஆடு இல்லை என்பது வேறு விஷயம்.

"இஸ்ஸதீன், உங்கட நன்மைக்குத்தான் சொல்றன். டவுன் ஸ்கூல்ல முதல் நாளே ஸ்பெல்லிங் கேப்பாங்க. புள்ள முழிச்சுக்கொண்டு நிண்டா ஆர்ட மானம் போகும்? உங்கட மானத்த விடுங்க. என்ட அகடமிட மானம்?"

இஸ்ஸதீன் பயப்படுகிற ஆளில்லை. ஆடி மாதத்துக் காற்றில் எஞ்ஜின் நின்ற போட்டில் ஒரு ராத்திரி கிடந்து, பீடி நனைந்துவிட்டதே என்று மட்டும் கவலைப்பட்டவன். ஆனால் சிவப்புப் பேனைக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டோடு அவனைக் கடலுக்கு விரட்டியது அந்த நிறம்தான்.

"எனக்கு ஒண்டும் தெரியா சேர். நீங்க சோதிச்சுப் பாருங்க. சரியெண்டு சொன்னா அனுப்புறன். இல்லாட்டி இல்ல."

அலுமாரிக் கைப்பிடியில் வெள்ளைக் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. பஹ்மிதா அதற்குக் கீழே நின்றாள்.

சேர் கொப்பியின் நடுப்பக்கத்தைத் திறந்தார். முந்நூறில் எது மிக நீளமோ அதைத் தேடிப் பிடித்தார். பிள்ளை ஐந்து எழுத்துப் போய் நின்றது. சிவப்புப் பிழை. அடுத்ததிலும் பிழை. பன்னிரண்டு கேட்டார், பதினொன்று பிழை. "ஸ்டேஷன்" மட்டும் சரியாகச் சொன்னாள். அதற்கு அரைச் சரி போட்டார்.

"ஏன் சேர் அரை?" என்று வேலியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"வேகம் காணாது. ஆட்டமும் இல்ல."

கொப்பியை இஸ்ஸதீனிடம் நீட்டினார். இஸ்ஸதீன் எழுத்தைப் பார்க்கவில்லை, பிழைகளைப் பார்த்தான். சிவப்பு சிவப்பாக, செவுள் கிழிந்த மீன்கள் போல.

"கவுன எடுத்து உள்ளுக்கு வை மகள்" என்றான்.

பஹ்மிதா அழவில்லை. கையை மேலே நீட்டினாள். அவளுக்கு எட்டவில்லை. எட்டுகிற மாதிரித்தான் கொளுவியிருந்தாள், ஆனால் அந்த நேரம் எட்டவில்லை.

உள்ளே, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கமறியாவின் குரல் வந்தது. "இஞ்ச பாருங்க, வீட்டுக்கு வந்த மனுசன வெறுவாயோட அனுப்பாதீங்க. தேத்தண்ணி எப்பிடி வேணுமெண்டு கேளுங்க."

இஸ்ஸதீனுக்கு அப்போதும் மரியாதைதான் மனதில். "மகள், சேர்ட்ட நீயே கேளு. இங்கிலிஷிலயே கேளு. படிப்பிச்ச மனுசன், சந்தோசப்படட்டும்."

பஹ்மிதா கவுனை விட்டுவிட்டுத் திரும்பினாள். லொட்ஜில் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சரித்து, தினமும் இருபது தரம் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"சேர், வுட் யூ லைக் யுவர் டீ வித் மில்க் ஓர் விதவுட்?"

சேர் அசையவில்லை. கண் மட்டும் மெதுவாகக் கொப்பிப் பக்கம் போனது. அந்த வசனத்தில் ஒரு வால்கூட இல்லையே, அவர் எதைப் பிடிப்பார்? ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. வேலியில் கழுதைகூட வந்து நிற்கிறது. அவர் தொண்டையைச் செருமினார். டையைச் சரிசெய்தார்.

"எஸ்" என்றார்.

பஹ்மிதா காது கேளாத வெள்ளைக்காரக் கிழவர்களுக்குச் சொல்கிற மாதிரி மெதுவாக, பணிவாகத் திருப்பிக் கேட்டாள். "வித், சேர்? ஓர் விதவுட்?"

"எஸ், எஸ். வெரி குட். ப்ரொனன்ஸியேஷன் கொஞ்சம் காணாது. பரவாயில்ல."

அவள் உள்ளே போனாள். கரண்டிச் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது தட்டில் இரண்டு கோப்பை: ஒன்றில் பால் தேத்தண்ணி, மற்றதில் வெறும் தேத்தண்ணி. இரண்டையும் சேருக்கு முன்னால் வைத்தாள்.

"மத்தது ஆருக்கு?" என்றார் சேர்.

"ரெண்டும் உங்களுக்குத்தான் சேர்."

இஸ்ஸதீன் மகளைப் பார்த்தான். "என்ன புள்ள இது, ரெண்டு?"

பதில் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தது. கமறியா குரலை உயர்த்தவில்லை. "பாலோட வேணுமா, பால் இல்லாம வேணுமா எண்டு புள்ள கேட்டா. சேர் ஓம் எண்டார். திருப்பிக் கேட்டா. அதுக்கும் ஓம் எண்டார். லொட்ஜில வந்தவங்க ஓம் எண்டா கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம்."

யாரும் சிரிக்கவில்லை. கோப்பை கையிலிருக்கிற விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு கடையடியில் வைத்துச் சிரிப்போம், அது வேறு. அந்த நேரம் எல்லோரும் சேருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதலில் பால் தேத்தண்ணியைக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை. பிறகு வெறும் தேத்தண்ணியைக் குடித்தார். "எனக்கு ரெண்டும் விருப்பம்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வகை மனிதருக்கு அந்த மாதிரிச் சின்னச் சொல்லெல்லாம் வராது.

இஸ்ஸதீன் வெறுங்கோப்பை இரண்டையும் பார்த்தான். கொப்பியைப் பார்த்தான். அதை மூடி சேருடைய மடியில் வைத்தான்.

"கமறியா, வேன் ஆறுக்கா, ஆறரைக்கா?"

"ஆறுக்கு."

"அப்ப சுபஹுக்கே எழுப்பு."

பஹ்மிதா கையை நீட்டிக் கவுனைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது எட்டியது.

அவள் போகத் தொடங்கி இரண்டு தவணையாகிறது. ஜௌபர் சேர் வெட்கத்தில் ஊரைவிட்டுப் போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அகடமியில் இப்போது எழுபது பிள்ளைகள். சந்தியில் புதுப் பேனர் தொங்குகிறது. நடுவில் பஹ்மிதாவின் படம், "எமது அகடமியின் சாதனை மாணவி." பக்கத்தில் அலுமாரிக் கதவு அளவில் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? பாடத்திட்டமும் முன்னேறிவிட்டது. "வித் மில்க், விதவுட் மில்க்" சேர்த்திருக்கிறார். டபிள்யூ, ஐ, டீ, எச் என்று பிள்ளைகள் ஆடி ஆடிப் பாடமாக்குகிறார்கள். எது பாலோடு, எது பாலில்லாமல் என்பது ஏ லெவலில் வரும்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, பின்னேரம் வேன் வந்து சந்தியில் நிற்கிற நேரம் நடக்கிறது. பஹ்மிதா புத்தகப் பையோடு இறங்குவாள். ஐஸ்காரன், கடைக்காரன், ஹாஜியார், நஃபீஸா என்று யாராவது ஒருவர் அவளுக்காகக் காத்திருப்பார்கள். இன்றைக்கு என்ன படித்தாய், பசிக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. "எங்க புள்ள, எஜுகேஷன் ஸ்பெல்லிங் சொல்லு பாப்பம்?" அவ்வளவுதான். ஒரு ஜௌபர் சேர் இருந்த ஊரில் இப்போது நாற்பது பேர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கண்டக்குழிக்காரருக்கு வேறு வேலையில்லை, நாங்கள் டவுன் ஆட்கள், படித்த ஆட்கள் என்று நினைக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். போன பெருநாளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை, வட்டிலாப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கரண்டியை வாய்க்குக் கொண்டுபோன நேரம், நீங்கள் அதனிடம் முதலில் கேட்டது என்ன? ஞாபகமில்லையா? அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்.

அதையும் விடுங்கள். இவ்வளவு நேரமும் இந்தக் கதையில் ஷன் ஷன் என்று வந்த இடத்திலெல்லாம், மனதுக்குள் எழுத்துக் கூட்டிப் பார்த்தீர்களா, இல்லையா? விரலைக்கூட மடித்திருப்பீர்கள். உடம்பு கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடியும் இருக்கும். மறைக்க வேண்டாம், நமக்குள் என்ன?

வந்ததுதான் வந்தீர்கள், ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். பாலோடா, பாலில்லாமலா?

அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.